உப்புக்காற்றில் ஒரு பழைய கேரவன்

டீ சொல்லியாகிவிட்டது, வரட்டும். அதற்குள் பேச்சைத் தொடங்கிவிடலாம். பழைய வேன் ஒன்றை வாங்கி, உள்ளே கட்டில் போட்டு, ஓர் அடுப்பும் வைத்துக்கொண்டு, மார்கழியில் பூநாரை பார்க்கப் பழவேற்காட்டுக்குப் போய் இரண்டு நாள் தங்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் இப்போது பெருகிவிட்டார்கள். பட்டறைக்குக் கொடுத்தால் செலவு கட்டுப்படியாகாது என்று உள்வேலையைத் தாங்களே செய்ய இறங்குகிறார்கள். நல்ல ஆசைதான், கையால் செய்யக்கூடிய வேலையும்தான். ஆனால் வருகிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது, எந்த நிறத்தில் லேமினேட் ஒட்டலாம் என்பதை. அது கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி. அதற்கு முன்னால் பேச வேண்டியவற்றில் முக்கால்வாசி தண்ணீரைப் பற்றியது.

வண்டிக்குள் குடியிருப்பது நமக்கொன்றும் புதிதில்லை. 1982-இல் என்.டி. ராமராவ் பழைய செவர்லே வேன் ஒன்றைச் செப்பனிட்டு, சைதன்ய ரதம் என்று பெயர் வைத்து, அதையே வீடும் மேடையுமாக்கி ஆந்திரம் முழுக்கச் சுற்றினார். கோடம்பாக்கத்தில் கேரவன் இல்லாமல் படப்பிடிப்பு இல்லை. வெளிநாட்டில் இன்னும் முன்பே, 1950-களின் தொடக்கத்திலேயே, ஜெர்மனியின் வெஸ்ட்பாலியா நிறுவனம் வோக்ஸ்வாகன் வேனுக்குள் படுக்கையும் அலமாரியும் பொருத்தி விற்கத் தொடங்கிவிட்டது. வேன் உள்வேலை பற்றிப் புத்தகத்திலும் வீடியோவிலும் கிடைக்கிற அறிவுரைகளில் பெரும்பகுதி அந்தக் குளிர்நாட்டு அனுபவத்திலிருந்து வந்தது. அதை அப்படியே பின்பற்றினால் நம் கடற்கரையில் எங்கே இடறும் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் இடத்தைப் பார்ப்போம். சில்காவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடு. ஒருபக்கம் வங்கக் கடல், மறுபக்கம் ஏரி. கோடையில் நீர் வற்றிச் சுருங்கும்போது ஏரியின் சில பகுதிகளில் உப்பு கடலைவிடக் கூடிவிடும். காற்று அந்த உப்பைத் தூக்கிக்கொண்டு வருகிறது. நிறுத்திய வண்டியின் கண்ணாடியில் காலையில் விரலை வைத்து இழுத்துப் பாருங்கள், பிசுபிசுவென்று ஒட்டும். வெளியே கண்ணாடியில் படிந்தது, கதவு இடுக்கு வழியாக உள்ளேயும் போயிருக்கும்.

உப்பு படிந்தால் கழுவிவிட்டால் போயிற்று என்று தோன்றும். சிக்கல் வேறு இடத்தில். சமையல் உப்பு, காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால் ஈரத்தை உறிஞ்சித் தானே கரையத் தொடங்கும். கடல் உப்பில் மெக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கிறது. அதற்கு 33 சதவீத ஈரமே போதும். நம் கரையில் காற்று அவ்வளவு வறண்டுபோவது அரிது. அதாவது, மழை பெய்யாவிட்டாலும், யாரும் தண்ணீர் ஊற்றாவிட்டாலும், உப்பு படிந்த இரும்பு எப்போதும் நனைந்தபடியே இருக்கிறது. அதன்மேல் மேட்டையோ பிளைவுட்டையோ போட்டு மூடிவிட்டால், துரு யார் கண்ணிலும் படாமல் தன் வேலையைப் பார்க்கும்.

ஏரிக்கு நடுவே இருக்கிற பசியாவரம் போன்ற ஊர்களில் வெகுகாலம் படகுதான் பஸ், படகுதான் ஆம்புலன்ஸ். அந்தப் படகுகளை நிதானமாகப் பாருங்கள். திறந்த வயிறு. தண்ணீர் உள்ளே வரும் என்பதை ஒப்புக்கொண்டுதான் கட்டியிருக்கிறார்கள். வந்த தண்ணீர் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் தேங்கும், இறைத்துவிடலாம். விரிசல் விட்டால் அன்றைக்கே தெரிந்துவிடும். நான் சொல்ல வருவது இந்த ஒரு விஷயம்தான்: ஏரிக்கரையில் ஓடப்போகிற வண்டிக்குள் எதைப் பொருத்தினாலும், அதைக் கழற்றிப் பின்னால் என்ன நடக்கிறது என்று பார்க்க வழி வைத்துப் பொருத்துங்கள். நிரந்தரமாக மூடாதீர்கள். மற்றதெல்லாம் இதிலிருந்து தானாக வரும்.

டீ வந்துவிட்டது, எடுத்துக்கொள்ளுங்கள்.

வண்டி வாங்கும்போதே கவனம் வேண்டும். நம் ஊரில் கிடைக்கிற பழைய வேன்களில் இரண்டு வகை அதிகம். 1984 முதல் 2019 வரை வந்த மாருதி ஆம்னி. இருவர் படுக்கலாம், அதற்குமேல் ஆசைப்படக் கூடாது. அடுத்தது டெம்போ டிராவலர். மெர்சிடிஸ் வேனின் வடிவமைப்பை வைத்து 1987-இல் பஜாஜ் டெம்போ கொண்டுவந்தது. உயரமானது, உள்ளே இடம் தாராளம், உதிரிபாகம் எங்கும் கிடைக்கும். படப்பிடிப்புக்கோ சுற்றுலாவுக்கோ ஓடிய பழைய கேரவனே விலைக்கு வந்தால் இன்னும் நல்லது. ஏன் என்பது ஆர்.சி. புக் பற்றிப் பேசும்போது புரியும்.

வாங்கக் கூடாதவையும் இரண்டு. ஒன்று, மீன் ஏற்றிய வண்டி. ஐஸ் உருகி, மீன்நீரோடு கலந்து, தரையின் மடிப்பு மடிப்பாக இறங்கியிருக்கும். மேலே எவ்வளவு பெயின்ட் அடித்திருந்தாலும் கீழே தகடு அப்பளமாகியிருக்கும். இரண்டாவது, வெள்ளத்தில் நின்ற வண்டி. 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையில் எத்தனை வாகனங்கள் மூழ்கின என்று பார்த்தோமே. கழுவித் துடைத்து நிறுத்திவிட்டால் வெளிப்பார்வைக்குத் தெரியாது. சீட் பெல்ட்டை முழுக்க வெளியே இழுத்துப் பாருங்கள். சுருளின் அடிப்பகுதியில் சேற்றுக் கறை கோடாக நிற்கும். டேஷ்போர்டுக்கு அடியில் கைவிட்டு வயரிங் கனெக்டரைத் தடவினால் வண்டல் மண் விரலில் ஒட்டும். அந்த இடங்களைக் கழுவ யாருக்கும் பொறுமை இருப்பதில்லை.

வாங்கியபின் முதல் வேலை, உள்ளே இருப்பதையெல்லாம் கழற்றுவது. சீட், மேட், பக்கவாட்டு அட்டை, கூரைத் துணி எல்லாம். ரப்பர் மேட்டின் ஓரத்தைப் பிடித்து உரிக்கும்போது கீழே ஒட்டியிருக்கிற சணல் மெத்தையைப் பிழிந்து பாருங்கள். அதில் ஈரம் இருந்தால் அந்த இடத்தில் தரைக்கு நோய் வந்துவிட்டது என்று பொருள். ஸ்குரூடிரைவர் பிடியால் தரையைத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல தகடு கணீரென்று பேசும். துருத் தின்ற இடத்தில் சத்தம் மழுங்கி, பிடி லேசாக அமுங்கும். அங்கெல்லாம் சாக்பீஸால் வட்டம் போடுங்கள். வீல் ஆர்ச்சின் ஓரம், கதவுப் படிக்கு உள்பக்கம், பின்கதவுக்கு அடியில், இந்த மூன்று இடத்தையும் விட்டுவிடாதீர்கள்.

ஓட்டை விழுந்த தகட்டை எப்படிச் சரிசெய்வது? பழவேற்காட்டுப் பக்கம் இருந்தால் உடனே கிடைக்கிற யோசனை, ஃபைபர் ஒட்டிவிடலாம் என்பது. சுனாமிக்குப் பிறகு கட்டுமரங்கள் குறைந்து ஃபைபர் படகுகள் பெருகின. மேட், ரெசின், ஹார்ட்னர் எல்லாம் கரையிலேயே புழங்குகின்றன, வேலை தெரிந்த கைகளும் உண்டு. ஆனாலும் இரும்புத் தரைக்கு அது சரிப்படாது. படகுக்கு ஊற்றுகிற பாலியெஸ்டர் ரெசின் ஃபைபரோடு நன்றாகச் சேரும். இரும்பில் அதன் பிடிப்பு பலவீனம். இறுகும்போது சுருங்கவும் செய்யும். ஓரம் விலகி, மயிரிழை இடைவெளி விழுந்து, உப்புநீர் அதற்குள் குடியேறிவிடும். துருத் தின்ற பகுதியை நல்ல தகடு வரும்வரை வெட்டி எடுத்துவிட்டு, புதுத் தகட்டை வெல்டிங் செய்வதுதான் முறை. இதை டிங்கரிங் பட்டறையில் கொடுத்துச் செய்யுங்கள். எல்லாவற்றையும் நானே செய்வேன் என்ற வைராக்கியம் வெல்டிங்கில் வேண்டாம். ஃபைபர் தெரிந்தவரின் உதவி வேறு இடத்தில் தேவைப்படும்: குளிக்கும் தட்டு, தண்ணீர்த் தொட்டி, கூரையில் வைக்கும் பெட்டி இவற்றை அவர் செய்து கொடுத்தால் பல வருடம் தாங்கும்.

மேல்துரு மட்டும் உள்ள இடங்களைக் கம்பி பிரஷால் தேய்ப்பீர்கள். தேய்த்ததும் பெயின்ட் டப்பாவைத் திறக்கக் கூடாது. நல்ல தண்ணீரில், முடிந்தால் வெந்நீரில், இரண்டு மூன்று தடவை கழுவி, வெயிலில் நன்றாகக் காயவிடுங்கள். துருவின் குழிகளுக்குள் உப்பு ஒளிந்திருக்கும். அதைக் கழுவாமல் பெயின்ட் அடித்தால், பெயின்ட்டுக்கு அடியிலேயே துரு வளர்ந்து கொப்புளம் கொப்புளமாக எழும்பும். அதன்பிறகு எபாக்சி பிரைமர். சாதாரண ரெட் ஆக்சைடு மட்டும் போதாது, அது ஈரத்தைத் தடுத்து நிறுத்தாது.

கதவுகளின் அடிவிளிம்பை ஒருமுறை குனிந்து பாருங்கள். கண்ணாடி இறங்குகிற இடுக்கு வழியாக மழைநீர் கதவுக்குள் போகும். அது வெளியேற அடியில் சிறு துளைகள் விட்டிருப்பார்கள். பழைய வண்டியில் அவை மண்ணும் கிரீஸும் சேர்ந்து அடைத்துப் போயிருக்கும். போதாததற்கு, பெயின்ட் அடித்தவர் பட்டி வைத்தே மூடியிருப்பார். மெல்லிய கம்பியை விட்டுக் குடைந்தால் கறுப்பு நீர் சொட்டுச் சொட்டாக இறங்கும். எத்தனை மாதமாகத் தேங்கியிருந்ததோ. காசு செலவில்லாத இந்த வேலை ஒன்றே கதவுகளின் ஆயுளைப் பல வருடம் கூட்டிவிடும்.

ஜன்னல் பீடிங், கூரை மூட்டு ஆகியவற்றில் சீலன்ட் போடும்போது டியூபைத் திறந்து முகர்ந்து பாருங்கள். வினிகர் வாடை அடித்தால் அதை இரும்பில் போடாதீர்கள். கடைகளில் மலிவாகக் கிடைக்கிற சிலிகான் இறுகும்போது அசிட்டிக் அமிலத்தை விடுகிறது. அது தகட்டை அரிக்கும். நியூட்ரல் சிலிகான் என்று கேட்டு வாங்குங்கள், அல்லது வண்டிக் கண்ணாடி ஒட்டுகிறவர்கள் பயன்படுத்துகிற பியூ சீலன்ட்.

இப்போது சூடு. வெறும் தகட்டுக் கூரைக்கடியில் சித்திரை வெயிலில் உட்கார முடியாது, ஏதாவது பொருத்தித்தான் ஆக வேண்டும். குளிர்நாட்டு அறிவுரை இடறுகிற இடம் இதுதான். அங்கே உள்ளே கதகதப்பு, வெளியே உறைபனி. மனிதர் மூச்சு விடுகிற ஈரம் உள்ளிருந்து வெளிநோக்கிப் போய், குளிர்ந்த தகட்டில் நீராகப் படியும். அதனால் ஈரம் தடுக்கும் தாளை உள்பக்கம், பலகைக்கு அடியில் ஒட்டச் சொல்கிறார்கள். நம் கரையில் நிலைமை தலைகீழ். வெளியே வெக்கையும் ஈரமும்; நீங்கள் ஏ.சி. போட்டால் உள்ளே குளிர்ச்சி. வெளிக்காற்றின் ஈரம் இடுக்குகள் வழியாக உள்நோக்கி வந்து, குளிர்ந்த உள்பலகையின் முதுகில் நீராகப் படியும். அங்கே பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருந்தால் நீர் அதிலேயே நின்றுவிடும். பலகை கறுத்து, பூசணம் பிடித்து, வாடை வந்தபிறகுதான் விஷயம் தெரியவரும். ஆகவே நம் வண்டிக்கு ஈரத் தடுப்பு வெளித்தகட்டை ஒட்டியே இருக்க வேண்டும். தண்ணீர் உறிஞ்சாத, மூடிய நுண்ணறைகள் கொண்ட ஃபோமை, கடையில் எக்ஸ்.எல்.பி.இ. என்றோ நைட்ரைல் ரப்பர் ஷீட் என்றோ கேட்டால் கொடுப்பார்கள், தகட்டில் இடைவெளி விடாமல் ஒட்டுங்கள். தெர்மாகோல் வேண்டாம், தீப்பிடித்தால் நிமிடத்தில் உருகி எரியும். பஞ்சு வகைகளும் வேண்டாம், ஈரம் குடிக்கும். ஏ.சி. இல்லாமல் இருக்க முடிந்தால் இன்னும் நல்லது. கூரைக்கு வெள்ளை அடித்து, எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து, ஒரு சின்ன மின்விசிறி போட்டால் ஏரிக்காற்றே பாதி வேலையைப் பார்த்துவிடும்.

மர வேலைக்கு ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மரைன் பிளைவுட் வாங்குங்கள். கொதிநீரிலும் பசை விடாது. வெட்டிய விளிம்புகளைச் சும்மா விடாமல் எபாக்சியோ வார்னிஷோ தடவி மூடுங்கள்; பிளைவுட் தண்ணீர் குடிப்பது விளிம்பு வழியாகத்தான். வீட்டு அலமாரி செய்கிற ஆசாரி பழக்கத்தில் 18 மி.மீ. பலகையை எடுப்பார். எட்டுக்கு நாலடி பலகை ஒன்று ஏறத்தாழ 35 கிலோ. நாலு பலகை போட்டால் இரண்டு ஆள் எடையை எந்நேரமும் சுமந்துகொண்டு திரிகிறீர்கள் என்று அர்த்தம். கட்டிலுக்கும் கதவுக்கும் 9 அல்லது 12 மி.மீ. போதும், பலத்தை அலுமினியச் சட்டம் தரட்டும்.

தலைக்குமேல் மர அலமாரி கட்டுவதைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது. பழவேற்காட்டில் பெண்கள் பனையோலையில் பெட்டியும் கூடையும் முடைகிறார்கள். தலைமுறையாக வருகிற நேர்த்தியான கை. அளவு சொன்னால் அதற்கேற்ப மூடியோடு முடைந்து தருவார்கள். துணிமணி, பாத்திரம், அரிசி பருப்பு எல்லாவற்றையும் ஓலைப்பெட்டியில் போட்டு, வலைத் தட்டில் வரிசையாக அடுக்கிப் பட்டையால் கட்டிவிடலாம். எடையே தெரியாது. காற்றோட்டம் இருப்பதால் துணியில் முடைநாற்றம் வராது. பிரேக் அடிக்கும்போது தலையில் விழுந்தாலும் மண்டை உடையாது. மெத்தைக்கும் தடித்த ஃபோமைவிட ரப்பர் கலந்த தென்னைநார் மெத்தை மேல். அதற்குக் கீழே பலகையை அடைத்துப் போடாமல் விரலிடை இடைவெளி விட்டுச் சட்டங்களாக அடியுங்கள். படுத்தவர் உடம்பின் வியர்வை கீழிறங்கி ஆறட்டும்.

தகட்டில் ஒட்டிய ஃபோமைத் தவிர மற்ற எல்லாவற்றையும் திருகாணியால் பொருத்துங்கள். பசை போட்டு ஒட்டாதீர்கள். இரும்புத் திருகாணி முதல் மழைக்காலத்திலேயே தலை மழுங்கிக் கழல மறுக்கும். எஸ்.எஸ். வாங்குங்கள், 304-ஐவிட 316 உப்புக்குத் தாங்கும். அலுமினியமும் எஸ்.எஸ்.ஸும் உப்பு ஈரத்தில் நேரடியாகத் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம் அரிக்கும். இடையில் ஒரு நைலான் வாஷர் போட்டால் அந்தத் தொல்லை இல்லை. வருடத்துக்கு ஒருமுறை, மழைக்காலம் முடிந்து வெயில் ஏறும் தை மாசியில், தரைப் பலகைகளைக் கழற்றி அடியில் பாருங்கள்.

மின்சாரத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 12 வோல்ட் என்றால் ஷாக் அடிக்காது என்று அலட்சியம் வரும். ஆபத்து ஷாக்கில் இல்லை, சூட்டில். வீட்டில் 120 வாட் கருவி அரை ஆம்பியர்தான் இழுக்கும். 12 வோல்ட்டில் அதே கருவி 10 ஆம்பியர் இழுக்கும். மெல்லிய வயர் அந்தச் சுமையில் காய்ந்து, பிளாஸ்டிக் உருகி, பின்னாலுள்ள ஃபோமில் தீப்பிடிக்கும். தடித்த வயர் போடுங்கள், பேட்டரியை விட்டு வெளியே வருகிற இடத்திலேயே ஃபியூஸ் வையுங்கள். ஈயம் பூசிய செம்புக் கம்பி கிடைத்தால் விடாதீர்கள், வெறும் செம்பு உப்பில் பச்சை பூத்துவிடும். சாதாரண பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயு வெளிவரும். அதைக் கட்டிலுக்கடியில் அடைத்து வைக்காமல், வெளிக்காற்றுக்குக் குழாய் விட்ட பெட்டியில் வையுங்கள்.

இன்னொரு டீ சொல்லவா? அடுப்பைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

2023 ஆகஸ்ட் 26 விடியற்காலையில் மதுரை ரயில் நிலையத்தருகே நிறுத்தியிருந்த சுற்றுலா ரயில் பெட்டி தீப்பிடித்தது. லக்னோவிலிருந்து வந்த யாத்ரிகர்கள். விதியை மீறி உள்ளே கொண்டுவந்திருந்த கேஸ் சிலிண்டரில் டீ போடப் போய் நேர்ந்தது. ஒன்பது உயிர்கள் போயின. மூடிய பெட்டிக்குள் கேஸ் என்றால் என்ன ஆகும் என்பதை நம் மண்ணில் நடந்த அந்தக் கொடுமையிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டும். எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில் படிந்து, கட்டிலுக்கடியில் தேங்கும். நின்றுகொண்டிருப்பவர் மூக்குக்கு வாடை எட்டுவதற்குள் ஒரு பொறி போதும். என் அபிப்பிராயத்தில் வேனுக்குள் அடுப்பே வேண்டாம். பின்கதவில் மடிப்புப் பலகை ஒன்றைப் பொருத்தி, வண்டியை நிறுத்தியபின் வெளியே நின்று சமையுங்கள். கட்டில் எந்தக் கதவையும் மறைக்கக் கூடாது. இருட்டில் ஒரே எட்டில் வெளியே குதிக்க இரண்டு வழி இருக்க வேண்டும்.

கேரளத்தில் 2024 டிசம்பரில் நடந்தது இன்னும் நேரடியான பாடம். வடகரையில் சாலையோரம் நின்ற கேரவன் ஒன்றில், ஏ.சி.க்காக ஜெனரேட்டரை ஓடவிட்டுத் தூங்கிய இருவர் இறந்து கிடந்தார்கள். கார்பன் மோனாக்சைடு. ஜெனரேட்டரின் புகை வண்டியின் தரையிலிருந்த ஓட்டை வழியாக உள்ளே வந்தது என்று ஆய்வு செய்தவர்கள் கண்டார்கள். அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. தூங்குகிறவர் விழிப்பதே இல்லை. வயருக்கும் குழாய்க்கும் என்று நீங்கள் தரையில் போடுகிற ஒவ்வொரு ஓட்டையையும் ரப்பர் வளையம் வைத்துச் சீலன்ட்டால் அடைத்தீர்களா என்று படுத்துக்கிடந்து சரிபாருங்கள். எஞ்சினையோ ஜெனரேட்டரையோ ஓடவிட்டு வண்டிக்குள் தூங்கவே கூடாது. கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றைத் தலையணை உயரத்தில் மாட்டுங்கள். இந்தப் பட்டியலில் வேறெதை விட்டாலும் இதை விடாதீர்கள்.

கடைசியாக ஆர்.சி. புக். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுப்படி, பதிவுச் சான்றில் உள்ள விவரம் மாறுகிற அளவுக்கு வண்டியை நம் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதியாகச் சொல்லிவிட்டது. அந்த ஆண்டே வந்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். சீட்டுகளைக் கழற்றிக் கட்டில் போட்டாலே இருக்கை எண்ணிக்கை மாறிவிடுகிறது. ஆகவே கழற்றுவதற்கு முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டு, எழுத்தில் அனுமதி வாங்குங்கள். ஏற்கெனவே கேரவனாகப் பதிவான வண்டி என்றால் உள்ளே பழையதை எடுத்துவிட்டு அதே வேலையைப் புதிதாகச் செய்கிறீர்கள், அவ்வளவுதான். பழைய கேரவனாகத் தேடுங்கள் என்று முன்பு சொன்னது இதற்காகத்தான். இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கும் தெரிவித்துவிடுங்கள். விபத்து நடந்தபின் அவர்கள் ஆர்.சி.யையும் வண்டியையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள்.

எடை மேடைக்கும் இரண்டு முறை போய் வாருங்கள். எல்லாவற்றையும் கழற்றிய காலி வண்டியாக ஒருமுறை. வேலை முடிந்து, தொட்டியில் தண்ணீர் நிரப்பி, போகப்போகிற ஆட்கள் அனைவரும் ஏறி உட்கார்ந்து ஒருமுறை. ஆர்.சி.யில் போட்டிருக்கிற மொத்த எடையைத் தாண்டக் கூடாது. முன்சக்கரத்தை மட்டும் மேடையில் ஏற்றி ஒன்று, பின்சக்கரத்தை மட்டும் ஏற்றி ஒன்று என்று தனித்தனிச் சீட்டும் கேட்டு வாங்குங்கள். பின்னால் பாரம் கூடியிருந்தால் தண்ணீர்த் தொட்டியை முன்னுக்கு நகர்த்த வேண்டும். திருகாணியால் பொருத்தியிருந்தால் அது அரை நாள் வேலை.